கேப்டனை இறக்கப்போகும் என் மகனுக்கு

கண்ணு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் நீ நின்றபடியே புரோட்டா தின்றுகொண்டிருந்ததைப் பாவாயி அக்காவின் மருமகன் பார்த்திருக்கிறான். இளைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இளைக்கலீங்க அத்தை, கன்னம் வெச்சுப் போயிருக்குது" என்றான். ஆக, என் போனை நீ எடுக்காததற்குக் காரணம் பசிமயக்கம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே கத்துவோம். பிறகு டவர் இல்லை என்று பொய் சொல்லி நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் என் பேச்சை நடுவில் யாரும் மறிக்க முடியாது. அதனால்தான் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை ஒளித்து எழுதவும் இல்லை. நீ உன் முடிவை வாலிபால் கிளப்பின் வாட்ஸப்பில், ஊரே பார்க்கும்படி போட்டாய். நானும் ஊரே படிக்கும்படிதான் எழுதுகிறேன். வேண்டுமானால் இதைப் போட்டோ எடுத்து அதே குழுவில் போடு. குழுவிலிருந்து வெளியேறிவிட்டாய் என்றும் கேள்விப்பட்டேன். யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல். மூன்றாம் மனிதர் யாராவது படித்தால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

உன் செய்தி வந்த அன்று சாயந்திரம் உன் அப்பா கண்ணாடியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. "என்னன்னு பாரு, நாயித்துக்கெழமைக்கு மேட்ச் ஏதாச்சும் புடிச்சிருப்பானுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன். இனிமேலும் அவரே கேப்டன் என்றால் நானும் என்னோடு வருகிறவர்களும் செம்மேட்டில் வேறு கிரவுண்டு பார்த்துக்கொள்கிறோம், அடுத்த மாதம் முதல் ஞாயிறு நம் கிரவுண்டில் கூட்டம், எல்லாரும் வரவும். 'அவர்' என்று எழுதியிருந்தாய். அப்பா என்றுகூட இல்லை. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'அடுத்த கேப்டன் நீதான் மாப்ள' என்று ஒருவன் போட்டிருந்தான். அதையும் படித்தேன். கண்ணாடி இல்லாத மனிதருக்கு நான் எதைப் படித்தாலும் அதுதான் செய்தி. பாதியில் நிறுத்தியிருக்கலாம், மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாக எல்லாரும் அவரிடம் பாதியைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். அதனால் முழுவதையும் படித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். "செம்மேட்டுக் கிரவுண்டு தண்ணி நிக்கற எடம். ஒரு மழை பேஞ்சா மூணு நாளைக்கு ஆட முடியாது. இவனுங்களை யாரு அங்க போயி ஆடச் சொன்னது?" என்றார். கேப்டன் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது.

அவர் எப்படிக் கேப்டன் ஆனார் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கொல்லிமலையில் எது வேண்டுமானாலும் விளையும். சமமான தரை மட்டும் கிடைக்காது. அதிலும் நம் எடப்புளி நாட்டில் வீடு கட்டவே மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட வேண்டும். பையன்கள் பாதையில் நின்று வாலிபால் ஆடுவார்கள். ஒரு பந்து தவறினால் காப்பிச் செடிக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். ஆடுகிற நேரத்தைவிடப் பந்து தேடுகிற நேரம்தான் அதிகம். எங்களுக்குக் கல்யாணமான புதிது. உன் அப்பா ஒருநாள் வந்து, வீட்டுக்குக் கீழே இருக்கிற சாமைக்காட்டைக் கிரவுண்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் சாமையை விலைக்கு வாங்கித்தான் தின்றோம். அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் கூட்டாளிகளும் மேல்பக்கம் வெட்டி, கீழ்பக்கம் கல் அடுக்கி, அதை உள்ளங்கை மாதிரி ஆக்கிவிட்டார்கள். என் கோபத்தையும் மீறி அது அழகாகத்தான் இருந்தது.

நம் வழக்கத்தில் கோயிலுக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்கு முதல் மரியாதை உண்டு. அதை அப்படியே கிரவுண்டுக்கும் கொண்டுவந்தார்கள். எந்த மேட்ச் நடந்தாலும் முதல் பந்தை உன் அப்பாதான் போட வேண்டும் என்று ஆனது. முதல் பந்து போடுகிறவர் கேப்டன் என்று அடுத்து ஆனது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் அறிவிக்கவும் இல்லை. கோயிலில் மரியாதை வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தட்டை வாங்கி நின்றால் போதும். வாலிபாலில் யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது, தோற்கும்போது என்ன சொல்வது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவு எடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கோயில் காரியத்தில் ஒருவரிடம் போனது அவர் காலம் வரைக்கும் அவரிடம், பிறகு அவர் மகனிடம். கிரவுண்டையும் அந்தக் கணக்கிலேயே வைத்துவிட்டோம்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் சப்பைக்கட்டுக்காகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, எனக்கு அதிரசம் வராது, உன் அப்பாவுக்கு ஆள்களை நடத்த வராது. அவ்வளவுதான். அவர் பந்தை வெளியே அடித்தால் காற்று, மற்றவன் அடித்தால் கவனமில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை நம் கிரவுண்டில்தான் வாரா வாரம் பார்க்கலாம். தலையாட்டுகிறவன் ஆடுகிற ஆறு பேரில் ஒருவன். 'ஏன்' என்று கேட்டவன் ஓரத்தில். பந்தைத் தள்ளினவன்தான் பள்ளத்தில் இறங்கி எடுத்துவர வேண்டும் என்று சட்டம் போட்டார். அவர் தள்ளிய பந்தை எடுக்க அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. நல்லா ஆடுகிற பையன்கள் ஒவ்வொருவராக வேலை இருக்கிறது, கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒடம்பு வணங்கறதில்லை" என்பார் உன் அப்பா. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இப்போது மலையடிவாரத்தில் காரவள்ளிக்காரர்களோடு நீங்கள் ஆடிய மேட்சுக்கு வருகிறேன். அங்கே நடந்ததை நீ எனக்குச் சொல்லவே இல்லை. உன் அப்பாவும் "தோத்துட்டோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்கு நீ போய்விட்டாய். எனக்கு விஷயம் தெரிந்தது குமரேசன் பெண்டாட்டி பழனியம்மா சொல்லித்தான். கடைசி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம். குமரேசன் சர்வீஸ் போட வேண்டிய முறை. நம் கிளப்பில் அவனைவிடக் கை நிதானமானவன் கிடையாது, அது எதிராளிக்கே தெரியும். உன் அப்பா அவனை வெளியே கூப்பிட்டுவிட்டுத் தானே இறங்கினார். ஜெயிக்கிற பந்தைத் தன் கையால் போட வேண்டும் என்று ஆசை. பந்து நெட்டில் போய் விழுந்தது. அடுத்த பந்தை அவர்கள் போட்டார்கள், நம்மவர்கள் எடுக்கவில்லை, முடிந்தது.

டீக்கடையில் குமரேசன் கேட்டது இதுதானாம்: "மாமா, அந்நேரத்துக்கு என்னைய எடுத்திருக்க வேண்டாமுங்க." இதில் ஒரு மரியாதைக் குறைவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஜெயித்தவர்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியாள் முன்னால் உன் அப்பாவிடம் எதைச் சொன்னாலும் அது சண்டைதான். "எங்காட்டுல ஆடிப் பழகுனவன் எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? நீ எங்க வேன்ல ஏறாதே" என்றாராம். ஏறப்போனவன் கீழே நின்றுவிட்டான். வேன் கிளம்பிவிட்டது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மேலெல்லாம் மண்ணோடு காரவள்ளி ரோட்டில் நின்று, மரவள்ளி ஏற்ற மலைக்கு வந்த லாரியில் கை காட்டி ஏறி வந்திருக்கிறான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்றாள் பழனியம்மா.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனது உன் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கத்தான். குமரேசன் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். நான் ஆரம்பிக்கும் முன்பே, "மாமன் கோவக்காரருன்னு தெரிஞ்சதுதானுங்க அத்தை. அதை உடுங்க. வேன்ல அத்தனை பேரு இருந்தாங்களே, ஒருத்தராச்சும் வண்டியை நிறுத்தச் சொன்னாங்களா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான். பக்கத்தில் பழனியம்மா காப்பியோடு நின்றாள். அவளும் என் வாயைத்தான் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீயும் அந்த வேனில்தான் இருந்தாய், சாமி. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார்கள். எழுபது வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். வளைவுக்கு வளைவு வண்டி நத்தையாகத்தான் வந்திருக்கும். ஒரு வளைவிலாவது 'நிறுத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். குமரேசன் உனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நீ. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சேலத்தில் அறையில் உட்கார்ந்துகொண்டு அத்தனை கோபத்தையும் வாட்ஸப்பில் கொட்டினாய். வேனில் சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னாய். உன் செய்தியில் பாதிக் கோபம் அப்பா மேல், மீதி உன் மேல் என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் வந்து சொல்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. சின்ன வயதில் அப்பா கத்தும்போதெல்லாம், "வாயைத் தொறக்காத கண்ணு, தானா அடங்கிரும்" என்று உன் காதில் சொன்னது நான்தான். வீட்டுக்குள் அது சரியாகத்தான் இருந்தது, தானாக அடங்கவும் செய்தது. வேனிலும் நீ அதையே செய்திருக்கிறாய்.

கேப்டன் மாற வேண்டும் என்பதில் எனக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பா பக்கம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்காதே. ஆனால் நீ போகிற வழி எனக்குப் பிடிக்கவில்லை. செம்மேட்டுக்குப் போய்த் தனிக் கிளப் வைப்பீர்கள். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. இரண்டு இடத்திலும் ஆறு பேர் தேறாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், காரவள்ளிக்காரர்களுக்கு வருஷா வருஷம் கோப்பை. அதோடு, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடுகிற சின்னதுகள் எந்தப் பக்கம் போகும்? தினமும் அதுகளை யார் செம்மேட்டுக்குக் கூட்டிப் போவார்கள்?

எங்கள் த்ரோபால் கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மகளிர் குழு விளையாட்டு விழாவுக்குப் போய் வந்த ஜோரில் நாங்கள் பெண்கள் சேர்ந்து சாயந்திரம் ஆட ஆரம்பித்தோம். நீ அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாய். 'அம்மா, உன் முட்டியைப் பாத்துக்க' என்று கேலி செய்தாய். முதல் நாளே உன் அப்பா விசிலோடு வந்துவிட்டார். பந்தைப் பிடித்தால் விசில், விட்டால் விசில். "கை மேல, கை மேல" என்று ஒரே கூச்சல். இரண்டு நாள் பொறுத்தோம். மூன்றாம் நாள் பாவாயி அக்கா பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, நீங்க ஊதுனா எனக்குக் கையில இருக்கற பந்தும் கீழ உழுந்துருது. அந்தப் பக்கம் நெட்டு தொங்குது பாருங்க, அதை இழுத்துக் கட்டிக் குடுத்தாப் புண்ணியமாப் போவுமுங்க" என்றாள். அவர் கட்டினார். மறுநாள் கோடு சரியில்லை என்று தானாகவே சுண்ணாம்பு கரைத்து எடுத்து வந்தார். அதற்கடுத்த வாரம் மழைத் தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார். நாங்கள் ஆடி முடிக்கும்வரை மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்த மேட்சிலும் நான் பார்த்ததில்லை. அவர் கிரவுண்டுக்காரர். கேப்டன் இல்லை.

நாங்கள் மாதத்துக்கு ஒருத்தியைக் கேப்டன் ஆக்கினோம். பெரிய யோசனை எல்லாம் இல்லை, யாரும் வேண்டாம் என்றதால் முறை வைத்தோம். பாவாயி அக்கா தன் மாதத்தில் எல்லோரோடும் சண்டை போட்டாள், என்னையே இரண்டு நாள் ஓரத்தில் உட்காரவைத்தாள். மாதம் முடிந்தது, அடுத்தவள் வந்தாள், அக்கா சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றாள். ஒருவரும் அவளை இறக்கவில்லை, நாள் வந்ததும் தானாக இறங்கினாள். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு நாள் என்றைக்குமே வரவில்லையே. அவரை இறக்க வேண்டுமானால் சண்டை போட்டுத்தான் இறக்க வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்கியது நாம் எல்லோரும்தான். ஆனால் ஒன்று, எங்கள் வித்தை உங்களுக்குச் செல்லாது. பெண்கள் ஆட்டத்தில் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று அவருக்கு அலட்சியம், அதனால் சுலபமாக விட்டுக்கொடுத்தார். உங்கள் ஆட்டத்தில் அவர் உயிரே இருக்கிறது. நெட்டைக் கட்டுங்கள் என்றால் போக மாட்டார்.

அதனால் கூட்டத்தில் நேராகத்தான் சொல்ல வேண்டும். 'எல்லாரும் சொல்றாங்க' என்று சொல்லாதே. எல்லாரும் என்பது யார் என்று கேட்பார், ஒருவனும் வாய் திறக்க மாட்டான். நீ கண்ணால் பார்த்ததைச் சொல். காரவள்ளியில் குமரேசனை எடுத்தது தப்பு, வேனில் ஏற்றாமல் விட்டது அதைவிடத் தப்பு, நானும் சும்மா இருந்தேன் என்று சொல். கடைசி வார்த்தையை விழுங்கிவிடாதே. அதைச் சொன்னால்தான் மற்றவர்களுக்கும் வாய் வரும். கௌரவத் தலைவர் என்று ஒரு பட்டத்தைக் கண்டுபிடித்துச் சால்வை போர்த்துகிற வேலையும் வேண்டாம். அவர் முட்டாள் இல்லை, அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். கிரவுண்டு அவர் பொறுப்பு, ஆட்டம் வேறொருவர் பொறுப்பு, அதுவும் வருஷத்துக்கு ஒருவர் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முதல் பந்து அவருக்கே இருக்கட்டும். அது அவர் இடம் கொடுத்ததற்காக ஊர் கொடுத்த மரியாதை, அவர் ஆடிய ஆட்டத்துக்காகக் கொடுத்தது இல்லை.

இன்னொன்று, அடுத்த கேப்டன் நீ ஆகக் கூடாது. இது உனக்குக் கசக்கும். அந்தக் கட்டைவிரல்களை நீ எண்ணிப் பார்த்திருப்பாய். நீ நல்லா ஆடுகிறாய் என்பதற்காக அவர்கள் உன்னைக் கேட்கவில்லை கண்ணு. நீ வாரத்துக்கு ஒருநாள் சேலத்திலிருந்து வருகிறவன், பாதி ஞாயிறு வருவதும் இல்லை. நீ அவர் மகன், அதனால் கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன், அதே கோயில் கணக்கு. நீ ஒப்புக்கொண்டால் இடத்துக்காரர் மாறுவார், வேறெதுவும் மாறாது. குமரேசனைக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வேறு யாரையாவது கேளுங்கள், யாருமே வேண்டாம் என்றால் எங்களை மாதிரி முறை வையுங்கள். நீ மட்டும் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். அவர் கிரவுண்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், நானும் கூடப் பொறுக்கினேன். "ஏனுங்க, கூட்டத்துல கை தூக்கச் சொன்னா, நீங்க வேண்டாம்னுதான் நான் தூக்குவேனுங்க. பின்னால தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்" என்றேன். நானும் கிளப்பில் உறுப்பினர்தான், எனக்கும் கை இருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானா?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் கோழியிடம் சொல்கிறார், "கொழம்புல உப்பு பத்தலைன்னு சொல்லு" என்று. நானும் கோழியிடமே "உப்பு டப்பா அங்கதான் இருக்குதுன்னு சொல்லு" என்கிறேன். பகலில் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சிரிப்பாக மட்டும் இல்லை என்பதையும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எத்தனையோ தடவை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். எல்லாம் நாலு சுவருக்குள். ஊர் முன்னால் அவருக்கு எதிராக நான் கை தூக்கியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தான் போகிறேன். நீ வந்தாலும் தூக்குவேன், வராவிட்டாலும் தூக்குவேன். பழனியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் கூட்டம் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நான் அவரோடு ஒரே மேடு ஏறி, ஒரே கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். அவர் உட்காருவார், நான் சோறு போடுவேன். அவர் அதைத் தொடாமல் எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

சனிக்கிழமையே வந்துவிடு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வராதே. குமரேசன் வீட்டுக்குப் போ. அவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல். ஏணியில் இருந்தால் அவன் இறங்கி வரும்வரை நில். பிறகு வீட்டுக்கு வந்து, மறுநாள் ஊர் முன்னால் என்ன சொல்லப்போகிறாயோ அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல். கத்துவார். கத்தட்டும், நீ எழுந்து போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உன் கையைத் தூக்கு, நானும் தூக்குகிறேன். முடிந்ததும் சேலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடாதே. அவரை இறக்கியவன் நீ, அன்றைக்கு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவனும் நீதான்.

உன் அம்மா